பக்கத்தில் இருந்தவர்

எங்கள் ஊரில் நாய் கடித்தால் புகார் கொடுக்க வேண்டியது கடிபட்டவர் அல்ல. பக்கத்தில் இருந்தவர்.

இது நல்ல ஏற்பாடுதான். கடிபட்டவருக்கு வலி இருக்கும். வலியில் மனிதர்கள் கூட்டிச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்தவர் நிதானமாகப் பார்த்திருப்பார். நகராட்சி அவரைத்தான் நம்பும்.

அன்று காலை என் மனைவி நவமணியை நாய் கடித்தது. பக்கத்தில் இருந்தவன் நான்.

நாங்கள் இருவரும் சொசைட்டியில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினோம். எங்கள் வீதிக்குத் தண்ணீர்த்தொட்டி வீதி என்று பெயர். தொட்டிக்கு அடியில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. ஒன்று செவலை. ஒன்று கறுப்பு. செவலை எழுந்து உறுமியது.

நான் மளிகைக்கடை முக்கில் நின்று மூச்சு வாங்கினேன். பால் வாங்கிய தூக்குப்போசி என் கையில் இருந்தது. நவமணி இல்லை.

திரும்பி வந்தபோது அவள் குழாய்த் திட்டில் உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. வீதியில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு ருக்குமணியக்கா மட்டும் கேட்டார்.

"பால் சிந்துலீங்களே?"

"இல்லீங்க்கா," என்றேன்.

"அதுவரைக்கும் பரவால்லீங்க," என்று உள்ளே போனார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கட்டுப் போட்டார்கள். நர்சம்மா, "கூட யாரும்மா இருந்தது?" என்று கேட்டார். நவமணி என்னைக் காட்டினாள். நர்சம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார்.

மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். நாள் முழுதும் உட்கார்ந்த இடத்திலேயே வேலை. கைக்குத்தான் வேலை, காலுக்கு ஒன்றும் இல்லை. என் கால்கள் இவ்வளவு வேகம் போகும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது.

புகாரைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கடி நடந்த வீதி நாயின் பேருக்கு மாறிவிடும். மேட்டு வீதிக்கு அப்படித்தான் ஆனது. அங்கே ஒருவரை நாய் கடித்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள். மேட்டு வீதி இப்போது ஒரு வெள்ளை நாயின் பேரில் இருக்கிறது. அந்த வீதிக்காரர்கள் வாசலுக்கு வரும்போது குனிந்துதான் வருகிறார்கள். தபால்காரர் எல்லாத் தபாலையும் நாயிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கல்யாணப் பத்திரிகைகளை அது உடனே கொடுத்துவிடுகிறதாம். மற்றதைத் தாமதிக்கிறதாம்.

"நீங்கதான் வந்து சொல்லோணும்," என்றாள் நவமணி. "நடந்ததை நடந்தபடி சொல்லீருங்க மாமா. ஒண்ணும் ஆகாது."

"நடந்தபடியேவா?"

"ஆமாங்க."

"நான் ஓடுனதையுமா?"

அவள் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கேட்டாச் சொல்லுங்க. கேக்காட்டி எதுக்குங்க?"

வீட்டில் இருந்த தயிர்சாதத்தை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள். இருவரும் நகராட்சிக்குப் போனோம்.

நாய்ப் பிரிவு மாடியில் ஒரு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அந்தத் தாழ்வாரம் நடப்பவரைப் பார்த்து நீளும். நான் தயங்கி நடந்தேன். அது நீண்டது. பக்கத்தில் நொண்டிக்கொண்டு வந்த நவமணிக்குக் குறைந்தது. சிறிது நேரத்தில் அவள் எனக்கு முன்னால் போனாள். பிறகு மிகவும் முன்னால் போனாள். பிறகு தெரியவில்லை.

நான் ஜனனப் பிரிவைத் தாண்டினேன். குடிநீர்ப் பிரிவைத் தாண்டினேன். மறுபடியும் ஜனனப் பிரிவு வந்தது. அங்கே ஒருவர் எழுந்து நின்று, "இங்கேயே பொறந்துக்கறீங்களா, இல்ல போறீங்களா?" என்று கேட்டார். போகிறேன் என்றேன். அவர் உட்கார்ந்துகொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் திரும்பிவிட்டது. நவமணி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் பாதிச் சாதம் மிச்சம் வைத்திருந்தாள்.

"சாப்புடுங்க மாமா. வெயில்ல வந்திருக்கறீங்க."

தாழ்வாரத்தில் வெயில் இல்லை. அவளுக்கும் அது தெரியும். நான் சாப்பிட்டேன்.

எதிர் பெஞ்சில் செவலை நாய் இருந்தது. அதற்குத் தகவல் போயிருந்தது. அதற்கும் பக்கத்தில் இருந்தவர் வேண்டும் என்பதால் கறுப்பு நாயும் வந்திருந்தது. கறுப்பு தன் தோளைச் செவலையின் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒழுங்காக இருந்தன. யாரோ கொடுத்த டீயை ஆளுக்குப் பாதியாகக் குடித்து முடித்திருந்தன.

சுகாதார ஆய்வாளர் நஞ்சப்பன் எங்களை உள்ளே கூப்பிட்டார். ஒல்லியான மனிதர். மரியாதையானவர். நாய்களுக்கும் நாற்காலி போடச் சொன்னார்.

"பேருங்க?"

"சென்னியப்பனுங்க."

"பக்கத்துல இருந்தது நீங்களாங்க?"

"ஆமாங்க."

"எவ்வளவு பக்கமுங்க?"

"கை எட்டற தூரமுங்க."

"கடிக்கறப்பங்க?"

"அப்பக் கொஞ்சம் தள்ளிங்க."

"எவ்வளவு தள்ளிங்க?"

"மளிகைக்கடை முக்குங்க."

ஆய்வாளர் பேனாவை மூடினார்.

"அது பக்கமில்லீங்க. அது வேற வார்டுங்க."

நவமணி கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிச்சதைப் பாத்தீங்களா?"

"பாக்கலீங்க. சத்தம் கேட்டுதுங்க."

"என்ன சத்தமுங்க? நாய்ச் சத்தமா?"

"இல்லீங்க. மாமான்னு ஒரு சத்தமுங்க."

"ஒருக்காவா?"

"ரெண்டு மூணு தடவைங்க."

"அது உங்களைக் கூப்புட்டதுன்னு தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்க."

ஆய்வாளர் பேனாவைத் திறந்து அதை எழுதினார். எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. செவலை நாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. கடித்தது அது. ஆனால் அது கூசியது கடித்ததற்காக அல்ல. எனக்காகக் கூசியது. கறுப்பு நாய் அதன் காதை மெல்ல நக்கிக் கொடுத்தது.

"இதைப் பாருங்க," என்றார் ஆய்வாளர், கறுப்பைக் காட்டி. "அப்பவும் பக்கத்துல இருந்துச்சு. இப்பவும் பக்கத்துல இருக்குது. இது சாட்சிங்க. உங்களை எதுல சேக்கறதுன்னு தெரியலீங்க."

"வேற வழி இல்லீங்களா?"

"மறுக்கா நடத்திப் பாத்தரலாமுங்க. பாக்காததைப் பாத்த மாதிரி ஆயிருமுங்க."

அவர் எழுந்து பீரோவுக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்தார். வெளியே எங்கள் வீதி இருந்தது. தண்ணீர்த்தொட்டி இருந்தது. குழாய்த் திட்டு இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நான் காலையில் கழற்றிப் போட்டிருந்த பனியன் கொடியில் காய்ந்தது. எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். ருக்குமணியக்கா காலையில் கட்டியிருந்த சேலையிலேயே இருந்தார்.

"இங்கயும் வந்து நிக்கச் சொல்லிப்போட்டாங்க," என்றார் என்னிடம். "அடுப்புல பருப்புக் கெடக்குது."

"மன்னிச்சுக்குங்க்கா," என்றேன்.

"உங்களைச் சொல்லி என்னங்க," என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஆய்வாளர் என் கையில் ஒரு தூக்குப்போசியைக் கொடுத்தார். அது எங்கள் போசிதான். பால் சூடாக இருந்தது.

"நடந்த மாதிரியே நடக்கோணுமுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"அப்ப நான் ஓடோணுமுங்களா?"

"ஓடீருந்தீங்கன்னா ஓடோணுமுங்க."

"இப்ப நின்னுட்டனுங்கன்னா?"

"நின்னீங்கன்னா அது வேற சம்பவமுங்க. இந்தப் புகார் செல்லாதுங்க."

நவமணி என்னைத் தொட்டிக்கு மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"மாமா, நில்லுங்க."

"புகார் போயிருமே?"

"போனாப் போகட்டுமுங்க. வீதியும் போகட்டும். ஒருக்கா நின்னுட்டீங்கன்னா எனக்குப் போதும்."

நான் தலையாட்டினேன். மனதாரத்தான் ஆட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். அப்புறம் அது ஓடுவதற்கான கட்டு என்று தோன்றியது. மடிப்பை அவிழ்த்துவிட்டேன்.

நடந்தோம். செவலை நாய் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்தது. கறுப்பு அதன் பக்கத்தில் படுத்தது. ஆய்வாளர் கையைக் காட்டினார். செவலை எழுந்தது. அலுவலகத்துக்குள் என்பதால் மெதுவாக உறுமியது.

மளிகைக்கடை முக்கில் நின்று மூச்சு வாங்கினேன். வேட்டி மறுபடியும் மடித்துக் கட்டியபடி இருந்தது. பால் சிந்தவில்லை.

நடந்த மாதிரியே நடக்க வேண்டும் என்றார்கள், அதனால் ஓடினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அங்கே கடைக்காரர் இல்லை. இருந்திருந்தால் அவரிடமும் சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்தேன். நவமணி குழாய்த் திட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டுக்கு மேல் ரத்தம் ஊறியிருந்தது. ஆய்வாளர் குனிந்து பார்த்தார்.

"புதுக் கடி இல்லீங்க. பழைய கடி மேலயே விழுந்திருக்குது. சுத்தமாக் கடிச்சிருக்குது."

செவலை தலையைக் குனிந்துகொண்டது.

"அவங்க ஓடச் சொன்னாங்க," என்றேன் நவமணியிடம்.

"ஆமாங்க மாமா. நானும் கேட்டுட்டுத்தான இருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் சேலை முந்தானையால் போசியின் அடியைத் துடைத்து என்னிடமே திரும்பக் கொடுத்தாள்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார்.

"இப்பவும் நீங்க பாக்கலீங்களே. இன்னொருக்கா வெச்சுக்கலாமுங்க. இந்தத் தடவை உங்க இஷ்டமுங்க. ஓடுனாலும் சரி, நின்னாலும் சரி. ரெண்டையும் நாங்க ஏத்துக்கறோம். கண்ணால பாத்தாப் போதுமுங்க."

இந்தத் தடவை நவமணி என்னைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். நாய்க்கு வசதியாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. தானே நடக்கத் தொடங்கினாள். நான் எட்டிப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

நான் நிற்கத் தீர்மானித்தேன். நாயின் பக்கம் முழுதாகத் திரும்பினேன். அதன் கண்ணைப் பார்த்தேன். செவலை எழுந்தது. உடனே பாயவில்லை. எனக்கு அவகாசம் கொடுப்பது போல ஒரு கணம் நின்றது. வாசல்களில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ருக்குமணியக்கா, "நில்லுங்க, நில்லுங்க," என்று மெல்லச் சொன்னார்.

பார்த்தால் போதும் என்று ஆய்வாளர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் பின்புறமாக ஓடினேன். முகம் நாயின் பக்கம், முதுகு மளிகைக்கடையின் பக்கம். அப்படி ஓட முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நன்றாகவே ஓடினேன். ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். செவலை பாய்ந்தது. பல் கெண்டைக்காலில் பதிந்தது. நவமணி கத்தவில்லை. அவள் நாயைப் பார்க்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். முக்குவரை பார்த்தாள்.

"அருமைங்க," என்று ஆய்வாளர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

மறுபடியும் அறைக்குள் போனோம். கதவைச் சாத்தியதும் வீதி போய்விட்டது. ருக்குமணியக்காவின் பருப்பு தீய்ந்த வாசனை மட்டும் சிறிது நேரம் இருந்தது.

ஆய்வாளர் வேகமாக எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. முதல் தடவை ஓடியது, இரண்டாம் தடவை ஓடியது, மூன்றாம் தடவை பார்த்துக்கொண்டே ஓடியது. அழைத்த சத்தம் கேட்டது, அது தன்னைத்தான் என்று தெரிந்தது. பால் சிந்தாதது.

"கையெழுத்து எங்கீங்க?" என்றேன்.

"கை வேண்டாமுங்க. ஓடுனது காலுங்க. செருப்பைக் கழட்டிட்டு பெருவிரலை மையில வெய்யுங்க."

வைத்தேன். மை நீல நிறம். குளிர்ச்சியாக இருந்தது. கறுப்பு நாயும் தன் சாட்சிக்குப் பாதத்தை வைத்தது. அதன் அச்சு என்னுடையதைவிடத் தெளிவாக விழுந்தது.

"இதை என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஆட்டோவுல மைக்செட் கட்டி எல்லா வார்டுலயும் வாசிப்போமுங்க. அப்பத்தான் அந்த வீதி உங்களுதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"முழுசையுமா?"

"முழுசையுந்தானுங்க. ஸ்கூல் பக்கம் மட்டும் கொஞ்சம் மெதுவா வாசிப்பாங்க. பிள்ளைகளுக்குப் புரியோணுமில்லீங்களா?"

ஒலிபெருக்கி எப்படிச் சொல்லும் என்று எனக்குத் தெரியும். என் பெயரை இரண்டு தடவை சொல்லும். என் கடையின் பெயரையும் சொல்லும். காயில் கட்டக் கொடுத்தவர்கள் மோட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வருவார்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். என் காலை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

ஆய்வாளர் நவமணியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒண்ணே ஒண்ணுதானுங்கம்மா சொல்லோணும். பக்கத்துல இருந்தது இவருதானுங்களா?"

நவமணி என்னைப் பார்த்தாள். நான் என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்ப்பது தெரிந்தது. நிமிரவில்லை.

"இல்லீங்க," என்றாள்.

"என்னங்கம்மா?"

"பக்கத்துல யாரும் இல்லீங்க. நான் தனியாத்தான் போனேன்."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாய்களும் பார்த்தன. நான் இருந்தேன் என்று சொல்ல அதுதான் நேரம். வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை நான் மறைக்கப் போவதில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் வந்தது நிறைய வந்தது. காது மடல் சுட்டது. உட்கார்ந்திருந்த நாற்காலிகூட என்னைத் தாங்கக் கூசியது போல ஒரு பக்கம் சாய்ந்தது.

ஆய்வாளர் எழுதியதைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வருத்தமாக இருந்தது.

"யாரும் பக்கத்துல இல்லீன்னா புகார் இல்லீங்கம்மா. புகார் இல்லீன்னா கடியும் இல்லீங்க."

"சரிங்க."

"வீதி செவலை பேருக்குப் போயிருமுங்க."

"போகட்டுமுங்க."

"அப்பறம் இன்னொண்ணு. கடி இல்லாதவங்க நொண்டக் கூடாதுங்க. கட்டும் போட்டிருக்கக் கூடாது. வெளிக் கேட்டைத் தாண்டற வரைக்குமாச்சும்."

நவமணி குனிந்து கட்டை அவிழ்த்தாள். மடித்து மேசைமேல் வைத்தாள். ரத்தம் பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடித்தாள். எழுந்தாள். செவலை நாய் அவளுக்கு வழிவிட்டு நின்றது. வீதி தன்னுடையதானதில் அது சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கறுப்பு மட்டும் அதன் முதுகை மூக்கால் ஒரு தடவை தட்டியது.

தாழ்வாரம் காலையில் இருந்ததைவிட நீண்டிருந்தது. எனக்காகத்தான் நீண்டது. இப்போது அவளும் என்னோடு வந்ததால் அவளும் அந்த நீளத்தை நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் ஊழியர்கள் வெளியே வந்து அவள் காலைப் பார்த்தார்கள். அவள் நொண்டவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவள் போல நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். அவள் பின்கழுத்தில் வியர்வை வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது. தரையில் ஒரு காலின் தடம் மட்டும் சிவப்பாக விழுந்துகொண்டே வந்தது. ஒரு பெண்மணி ஈரத்துணியோடு எங்கள் பின்னால் வந்து அதைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தாங்கிப் புடிச்சுக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேண்டாமுங்க. யாரும் இல்லீன்னு சொல்லியிருக்கறேன்."

குடிநீர்ப் பிரிவைத் தாண்டும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜனனப் பிரிவில் அந்த மனிதர் எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொன்னார். என்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கேட்டைத் தாண்டியதும் நவமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிறிது நேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு நொண்டத் தொடங்கினாள்.

கோவில் முக்குக்கு வந்தோம். அங்கே நான் கேட்டேன்.

"எதுக்கு நவமணி அப்படிச் சொன்னே?"

"எப்படீங்க?"

"பக்கத்துல யாரும் இல்லீன்னு."

அவள் நின்று யோசித்தாள். நான் கேட்டது அவளுக்குப் புரியவில்லை என்பது போல் பார்த்தாள்.

"நடந்ததைத்தான மாமா சொன்னேன்," என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அந்த வழக்கம் இல்லை.

நாங்கள் வீதிக்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வீதிப் பலகையில் பழைய பெயரை அழித்துவிட்டார்கள். செவலையின் பாதம் ஒன்றை வெள்ளைப் பெயிண்டில் பதித்திருந்தார்கள். பெயிண்ட் காயவில்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ருக்குமணியக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடி தன் வீட்டுக்குள் போனார். தண்ணீர் அவர் தலைமேல் சிந்தியது. அவர் நிமிரவில்லை. அவர் மகன்கள் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தே சைக்கிளை உருட்டினார்கள். எல்லோருக்கும் அதற்குள் பழகிவிட்டது.

புகார் ஏன் இல்லாமல் போனது என்று யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கி வராததால் தெரியவில்லை. எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

வீதியின் நடுவில் செவலை நின்றது. எங்களுக்கு முன்பே வந்திருந்தது. பக்கத்தில் கறுப்பு இருந்தது. உள்ளே வருகிறவர்கள் யார் யார் என்று பார்ப்பது இப்போது அதன் பொறுப்பு.

"ஒண்ணும் பண்ணாதுங்க மாமா," என்றாள் நவமணி. "குனிஞ்சுட்டு அப்படியே போயிரலாம். நம்மூடு தெரியுது பாருங்க."

வீடு தெரிந்தது. கொடியில் பனியன் தெரிந்தது.

அவள் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். கொத்தாகப் பிடித்தாள். கால் வலிக்குப் பிடித்தாளா, வேறு எதற்காவது பிடித்தாளா என்று நான் கேட்கவில்லை. நாங்கள் குனிந்தோம். மெல்ல நடந்தோம். செவலை என்னை நேராகப் பார்த்தது. அலுவலகத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாய் இப்போது என் முகத்தைப் பார்த்தது. அதன் கண்ணில் கோபம் இல்லை. அது ஏதோ கேட்க வந்தது போல ஓர் அடி முன்னால் வைத்தது.

நான் ஓடினேன்.

நவமணி சட்டையை விடவில்லை. அதனால் அவளும் ஓடினாள். அந்தக் காலோடு ஓடினாள். அவள் மூச்சு என் முதுகில் பட்டது.

"மெதுவாங்க மாமா."

கேட்டது. என்னைத்தான் என்று தெரிந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

வீடு வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் அதைத் தாண்டினோம். மளிகைக்கடை முக்கு வந்தது. அதையும் தாண்டினோம். அடுத்த வார்டு வந்தது. அங்கேயும் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். என் பின்னால் எதையோ பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குழந்தைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

சிறிது நேரத்துக்கு முன்வரை அவள் குரல் கேட்டது. இப்போது மூச்சு மட்டும் கேட்கிறது. சட்டையில் பிடி அப்படியே இருக்கிறது. முன்னைவிட இறுக்கமாக இருக்கிறது. அந்த இடத்தில் துணி ஈரமாகி வருகிறது.

அவள் கைதான் அது, பல் இல்லை. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் முன்னால் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறேன்.